ஹொலஷொவிட்செ: ஒரு செக் கிராமத்தின் வீட்டு முகப்புகளும் வர்க்க வரலாறும்

தென் பொஹீமியாவின் தலைமை நகரான செஸ்கே புத்யெயொவிட்செயிலிருந்து மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் ஹொலஷொவிட்செ என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. இன்று அங்கு வாழ்வோர் நூற்று நாற்பது பேரளவினரே. அயலூரான யன்கொவின் நிர்வாகத்துக்குட்பட்ட இவ்வூரை 1998இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. தென் பொஹீமிய 'நாட்டார் பரோக்' பாணியில் அமைந்த வீட்டு முகப்புகளே இச்சிறப்புக்குக் காரணமாயின. வழிகாட்டி நூல்கள் அம்முகப்புகளின் அழகை ஓயாது பேசுகின்றன. அவ்வழகை மறுப்பதற்கில்லை. ஆயின் அது எக்காலத்தில், எவ்வர்க்கத்தினரின் கைக்கு எட்டியது, பின்னர் எந்நிலைமைகளிற் பேணப்பட்டது என்னும் இரு வினாக்களையும் எழுப்பாது அவ்வூரை விளங்கிக்கொள்ளல் இயலாது.

ஊரின் நடுவே ஏறக்குறைய 210 மீற்றர் நீளமும் 70 மீற்றர் அகலமும் கொண்ட புல்வெளி உண்டு. அதிலே ஒரு குளமும், கொல்லன் பட்டறையும், 1755இல் எழுப்பப்பெற்ற நெபொமுக் புனித யோவான் சிற்றாலயமும் உள்ளன. புல்வெளியைச் சூழ இருபதுக்கு மேற்பட்ட பண்ணை மனைகள் நிரையாக நிற்கின்றன. ஒவ்வொரு மனையும் வெளியை நோக்கி இரண்டு முக்கோண முகப்புச் சுவர்களைக் காட்டும். ஒன்று குடியிருப்பு வீட்டினுடையது. மற்றையது தானியக் களஞ்சியத்தினுடையது, அல்லது நிலத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்ட முதிய பெற்றோரின் ஒதுக்கு வீட்டினுடையது. (இவ்வொதுக்கு வீட்டுக்குரிய உணவும் விறகும் எவ்வளவு என்பதைப் பொஹீமிய உழவர்கள் உடன்படிக்கையாகவே எழுதிவைத்தனர், பாசத்தை நம்பி நிலத்தைக் கையளிக்கும் வழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை.) இவ்விரு சுவர்களையும் வளைவு வாயிலுடைய மதில் இணைக்கும். உள்ளே முற்றம், அதன் பின்புறத்தே குறுக்காகக் களஞ்சாலை, அதற்கப்பால் தோட்டமும் வயலும். நிலம் ஒடுங்கி நீண்ட துண்டங்களாகப் பகுக்கப்பட்ட இவ்வமைப்பு மத்தியகாலத்ததாகும். முகப்புகளோ பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்குரியன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கால வேறுபாடே நமது ஆய்வுக்குத் தொடக்கமாகும்.

ஊரின் பெயர் 1263இல் முதன்முதலாக ஆவணமொன்றிற் காணப்படுகின்றது. 1292இல் இரண்டாம் வாட்ஸ்லாவ் மன்னன் இதனை வேறு சில ஊர்களுடன் சேர்த்து விஷ்ஷி ப்ரொட் என்னும் சிஸ்டேர்சிய மடத்துக்கு வழங்கினான். அன்றிலிருந்து 1848 வரை, ஐந்தரை நூற்றாண்டுகளுக்கு மேலாக, மடமே ஊரின் நிலவுடைமையாளனாக விளங்கியது. 1520க்கும் 1525க்குமிடையே பரவிய கொள்ளைநோயில் ஊரார் இருவர் மட்டுமே தப்பினர் என்பது மரபு. மாண்டோர் புதைக்கப்பட்ட இடத்தில் நினைவுத்தூண் நிற்கின்றது. உழுவாரின்றி நிலத்தால் வருவாயில்லை. ஆகவே மடம் பவேரியாவிலிருந்தும் ஒஸ்திரியாவிலிருந்தும் குடிகளை வருவித்தது. ஹொலஷொவிட்செ ஜேர்மன் பேசும் ஊராக மாறியமைக்கு இனப் பகையோ இனக் கொள்கையோ காரணமன்று. நிலமானிய வருவாயின் தேவையே காரணமாகும்.

சிற்றாலயம் பற்றி ஒரு குறிப்பு. நெபொமுக் யோவானுக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது 1729இல். மதச் சீர்திருத்தவாதி யான் ஹூஸின் நினைவை மக்கள் மனத்திலிருந்து அகற்றுவதற்குக் கத்தோலிக்கத் திருச்சபை வளர்த்தெடுத்த வழிபாடுகளுள் அது முதன்மையானது. இருபத்தாறு ஆண்டுகளில் அது இச்சிற்றூரின் புல்வெளியையும் வந்தடைந்துவிட்டது. மேற்கட்டுமானத்தின் வேகத்துக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

உழவனின் வாழ்க்கையோ அவ்வேகத்தில் மாறவில்லை. 'ரொபொத்தா' எனப்பட்ட கட்டாய ஊழியம் அவனது வாரத்தைப் பங்குபோட்டது. (கரெல் சாப்பெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்தின் வழியாக உலக மொழிகளிற் புகுந்த 'ரோபோ' என்னும் சொல் இதிலிருந்தே பிறந்தது.) 1775ஆம் ஆண்டு வசந்தத்தில் பொஹீமிய உழவர்கள் கிளர்ந்தெழுந்து பிராக் நகரை நோக்கி நடந்தனர், படை அவர்களை அடக்கியது. எனினும் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே, ஊழியம் வாரத்துக்கு மூன்று நாளை மிஞ்சலாகாது என மரியா தெரேசா ஆணையிட நேர்ந்தது. 1781இல் இரண்டாம் ஜோசப் ஆட்செயல் அடிமை நிலையை நீக்கினான். ஊழியம் மட்டும் தொடர்ந்தது. 1848ஆம் ஆண்டுப் புரட்சியின்போது, சிலேசிய உழவரொருவரின் மகனான ஹன்ஸ் குட்லிஹ் வியன்னா நாடாளுமன்றத்திற் கொணர்ந்த பிரேரணை, செப்டெம்பர் 7இல் சட்டமாயிற்று. ரொபொத்தா ஒழிந்தது. ஆயின் அது இலவசமான விடுதலையன்று. ஊழியத்தின் மதிப்பில் மூன்றிலொரு பங்கைப் பிரபு கைவிட்டான். ஒரு பங்கை அரசு ஏற்றது. எஞ்சிய பங்கை உழவனே இருபதாண்டுத் தவணையிற் கட்ட வேண்டியதாயிற்று.

ஹொலஷொவிட்செயின் அலங்கார முகப்புகள் இதன் பின்னரே பெருகின என்பது மனங்கொள்ளத்தக்கது. சுண்ணச்சாந்தினாலான வளைவுகள், சுருள்கள், மலர்ச் சரங்கள், மங்கிய மஞ்சளும் பச்சையும் நீலமும், நடுவே கட்டிய ஆண்டு. வியன்னாவில் பெருஞ்சாலை மாளிகைகள் வேறு பாணிகளில் எழுந்துகொண்டிருந்த காலத்தில், நகரமும் பிரபுக்களும் நூறாண்டுக்கு முன்னரே கைவிட்ட பரோக் பாணியை உழவன் கையிலெடுக்கிறான். 1920களில் ஹன்ஸ் நௌமான் என்ற ஜேர்மன் நாட்டாரியலாளர், நாட்டார் கலை யாவும் மேலோரிடமிருந்து கீழிறங்கிய பண்பாடே என்று வாதிட்டார். ஹொலஷொவிட்செயைக் கொண்டு அவ்வாதத்தை நிறுவுதல் எளிது போலத் தோன்றும். ஆனால் பாணி கீழிறங்கியது என்று கூறுவதால், அது ஏன் அத்தருணத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பது விளங்கப்போவதில்லை. மடத்தின் கோபுரத்தைப் பல தலைமுறைகளாகப் பார்த்திருந்த உழவனுக்குக் கண் இருந்தது. தன் உழைப்பின் மிகைவிளைவு தன்னிடம் தங்கவில்லை. அது தங்கத் தொடங்கியதும் அவன் ஆலயத்தின் அணியைத் தன் வீட்டுக்கு மட்டுமன்றித் தானியக் களஞ்சியத்துக்கும் பூட்டினான். குடியிருப்புக்கும் களஞ்சியத்துக்கும் ஒரே தரத்து முகப்பு! பிரபு எவனும் தன் களஞ்சியத்தை இவ்வாறு அலங்கரிக்க நினைத்திரான். வடிவம் பழையது, அது சொல்லும் செய்தி புதியது. கொத்தனார்களும் நகரத்துக் கலைஞரல்லர், அவ்வட்டாரத்துக் கைவினைஞரே. ஷுமாவா மலையடிவாரத்தில் இப்பணியாற் புகழ்பெற்ற யாக்குப் பூர்சா (1813–1884) அவர்களுள் ஒருவர்.

இங்கே உழவன் என்பது ஒரே வர்க்கமன்று என்பதையும் கூறுதல் வேண்டும். 1848இன் பயனை முழுமையாகப் பெற்றவன் முழு நிலத் துண்டமும் உழவு மாடுகளும் உடையவன். குடிசையாளனும் கூலியாளும் பெற்றது தம் உழைப்பை விற்கும் சுதந்திரம். புல்வெளியை நோக்கிய இரட்டை முகப்பு முதலாமவனுடையது. அதனை 'மக்கள் கலை' என்று பொதுப்படக் கூறுவோர், கிராமத்தின் உள்முரண்பாட்டைச் சுண்ணச்சாந்தினாற் பூசி மறைக்கின்றனர்.

இம்முகப்பைத் தேசிய இனத்தின் ஆன்மாவாகக் காண்போரும் உளர். 1895இல் பிராக் நகரில் நடந்த இனவியற் கண்காட்சியில் கிராம வீடுகள் செக் தேசியத்தின் அடையாளங்களாக எழுப்பிக் காட்டப்பட்டன. அதே 1895இல் ஹொலஷொவிட்செயில் ஜேர்மானியர் 157 பேரும் செக்கர் 19 பேரும் வாழ்ந்தனர். செக் ஊர்களிலும் ஜேர்மன் ஊர்களிலும் ஒரே முகப்பே எழுந்தது. சுவரில் மொழி இல்லை, வர்க்கம் இருந்தது.

அரை நூற்றாண்டுக்குள் மொழியே மனிதரின் விதியாயிற்று. 1935 தேர்தலில் செக்கோஸ்லோவாக்கிய ஜேர்மானியருள் ஏறத்தாழ மூன்றிலிரு பங்கினர் ஹென்லைனின் கட்சிக்கு வாக்களித்தனர்; 1938இல் மியூனிக்; 1942 ஜூனில் லிடிட்செ கிராமம் நாஸிகளால் தரைமட்டமாக்கப்பட்டது. இவற்றின் பின்னெழுந்த சினம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆயின் 1945 ஜூன் 21ஆம் திகதி ஆணை ஜேர்மானியரின் விவசாய நிலங்களைப் பறிமுதல் செய்தபோது அளவுகோலாக நின்றது உடைமையன்று, தேசிய இனம். பாசிச எதிர்ப்பாளருக்கு ஏட்டளவில் விலக்கு இருந்தது. பெருநிலக்காரனும் அவனது கூலியாளும் ஒரே வண்டியில், ஆளுக்கு ஐம்பது கிலோ மூட்டையுடன் ஏற்றப்பட்டனர். நாடளாவிய நிலையில் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் வெளியேறினர். அந்நிலங்களைப் பங்கிட்ட விவசாய அமைச்சர் யூலியஸ் ஜூரிஷ் ஒரு கம்யூனிஸ்ட். வர்க்க அளவுகோலை ஏந்த வேண்டிய இயக்கமே அதனைக் கீழே வைத்துவிட்டு மொழியை எடுத்துக்கொண்டமை, இடதுசாரி வரலாற்றாளர் நேர்நின்று ஆராய வேண்டிய விடயம். முன்னைய கொடுமையைச் சுட்டி இதனைக் கடந்து செல்வது ஆய்வாகாது.

ஹொலஷொவிட்செயின் ஜேர்மன் குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. மனைகள் பல வெறுமையாயின. முகப்புகள் பிழைத்தமைக்கு அவ்வெறுமையே பெருங்காரணம். மக்கள் நிறைந்திருந்த பிற ஊர்களில் 1960களிலும் பின்னரும் அகன்ற சாளரங்கள் வேண்டிப் பழைய முகப்புகள் இடிக்கப்பட்டன. கூட்டுறவுப் பண்ணைகளின் நீண்ட கொட்டில்கள் எழுந்தன. இங்கே மாற்றுவதற்கு ஆளில்லை. 1990இன் பின்னர் திருத்த வேலைகள் தொடங்கின. 1995இல் ஊர் பாதுகாக்கப்பட்ட மரபுரிமைக் கிராமமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. மூன்றாண்டுகளில் யுனெஸ்கோ வந்தது. 2008இல் ஊரருகே பழங்காலத்தவை போன்ற நெடுங்கற்களை வட்டமாக நாட்டியும் வைத்தனர். உல்லாசப் பயணிகளுக்குப் பழமை போதவில்லை போலும்.

இரண்டு நாட்டார் கட்டட மரபுகள் ஒன்றிணைந்து நிலைபேறான பாணியொன்றைத் தோற்றுவித்தமையே யுனெஸ்கோ காட்டும் முதன்மைச் சிறப்பு. அவ்விணைப்பைச் சாத்தியமாக்கியோர் கொள்ளைநோயின் பின் மடம் வருவித்த குடிகளின் வழித்தோன்றல்களும் அவர்தம் செக் அயலவருமாவர். முன்னவர் கட்டிய வாயில்களின் மீது அவர்கள் பொறித்த ஆண்டுகள் இன்றும் பாதுகாக்கப்பட்ட அணிகளாக உள்ளன.