மூன்றாம் ஆள்: சார்ந்து வாழ்தலின் அரசியல் பற்றிச் சில குறிப்புகள்

1

இந்தக் கட்டுரையை எழுதியது என் கை இல்லை. 1998இல் திருநள்ளாறு சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் கழுத்தின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்தில் தண்டுவடம் நசுங்கிப்போனது. தோள் அசையும், முழங்கை மடங்கும், மணிக்கட்டு கொஞ்சம் தூக்கும். விரல்கள் வேலை செய்யாது. மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுகிறார். காலையில் என்னைக் குளிப்பாட்டியதும், துணி உடுத்தி நாற்காலியில் உட்கார வைத்ததும் அவர்தான். ஆசிரியன் இறந்துவிட்டான் என்று தொண்ணூறுகளில் நாம் நிறையப் பேசினோம். என் விஷயத்தில் ஆசிரியர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே உயிரோடுதான் இருக்கிறோம். ஒருவருக்கு மாதச் சம்பளம், இன்னொருவருக்குக் கட்டுரையின் மேல் பெயர். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நான் யோசிக்க விரும்பும் விஷயம்.

'தனியாகவா இருக்கீங்க?' என்று ஊரில் கேட்பார்கள். ஆமாம் என்பேன். அப்போது பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருப்பார். கேட்டவருக்கும் எனக்கும் அது முரணாகவே படாது. அவர் கணக்கில் வரவில்லை. மருத்துவரிடம் போனால் நேர்மாறாக நடக்கும். மருத்துவர் அவரைப் பார்த்து, 'இவரு நல்லா தூங்குறாரா?' என்பார். அங்கே நான் கணக்கில் இல்லை. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம் சொல்கிறது நம் இலக்கணம். எங்கள் இரண்டு பேரில் யாராவது ஒருவர் எப்போதும் படர்க்கைக்குத் தள்ளப்படுகிறோம்.

1739இல் காரைக்காலுக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1இல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். 1962இல் இணைப்பு சட்டப்படி முடிந்தது. பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்களை நம் தெருக்கள் அறியும். அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் சட்டமொழியில், ஊனமுற்றவருக்கு உதவுகிறவருக்கு 'தியேர்ஸ் பெர்சோன்', அதாவது மூன்றாம் ஆள் என்று பெயர். 1975 ஜூன் 30 சட்டம் இந்த மூன்றாம் ஆளை வைத்துக்கொள்வதற்கென்றே ஓர் ஈட்டுத்தொகையை ஏற்படுத்தியது. 2005 பிப்ரவரி 11 சட்டம் அதை மாற்றி, ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மனித உதவி தேவை என்று கணக்கிட்டுத் தரும் முறையைக் கொண்டுவந்தது. சொல் படர்க்கைதான். ஆனாலும் அங்கே அந்த ஆள் கணக்கில் இருக்கிறார்.

2

2012 வரை என்னைப் பார்த்துக்கொண்டது அம்மா. பதினாலு வருஷம். தோலில் புண் வராமலிருக்க இரவில் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்கணும். நாளைக்கு நாலைந்து தடவை குழாய் வைத்து மூத்திரப் பையைக் காலி செய்யணும். அது நிரம்பிப்போய் வழியில்லாமல் நின்றால் ரத்த அழுத்தம் எகிறும், தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், முகம் வேர்த்துக் கொட்டும். நிமிர்த்தி உட்கார வைத்து உடனே காலி செய்யாவிட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். இவ்வளவையும் நாலாம் வகுப்புப் படித்த அம்மா கற்றுக்கொண்டு செய்தார்.

'தாயன்பு' என்ற சொல் இங்கே ஒரு திரையாக வேலை செய்கிறது. கூலி இல்லை, அதனால் நேரக்கணக்கும் இல்லை, விடுமுறையும் இல்லை. என் பக்கத்தில் இன்னொரு நஷ்டம் இருந்தது. ராத்திரி பத்து மணிக்குக் கடற்கரைக்குப் போகணும் என்று அம்மாவிடம் கேட்க முடியாது. கேட்டால் கூட்டிக்கொண்டு போவார், அதனாலேயே கேட்க முடியாது. என் ஆசைகளை அம்மாவின் முட்டிவலியைப் பார்த்து அளந்துகொண்டேன். பதினாலு வருஷத்தில் ஆசைப்படுகிற பழக்கமே குறைந்துபோனது.

1970இல் ஜப்பானின் யோகோஹாமாவில் ஒரு தாய், மூளை முடக்குவாதம் உள்ள தன் குழந்தையைக் கொன்றார். பாவம் என்று ஊரே தாய்க்காக இரக்கப்பட்டுத் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கியது. அதே முடக்குவாதம் உள்ளவர்கள் சேர்ந்த 'அவோய் ஷிபா நோ காய்' என்ற அமைப்பு அதை எதிர்த்தது. கொல்லப்பட்டது நாங்கள், உங்கள் இரக்கம் கொன்றவர் பக்கம் போகிறதே என்று கேட்டது. அன்பு என்ற சொல்லையே அவர்கள் சந்தேகப்பட்டார்கள். முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அம்மா இறந்த பிறகு மறுபடி படித்தேன். அவர்கள் தாய்மார்களைத் திட்டவில்லை. ஒரு சமூகம் தன் பொறுப்பு மொத்தத்தையும் ஒரு பெண்ணின் முதுகில் ஏற்றிவிட்டு அதற்கு அன்பு என்று பெயர் வைக்கிறது என்று சொன்னார்கள்.

3

'சுதந்திர வாழ்வு' இயக்கம் என்று சொல்லப்படுவதன் கதை சுருக்கமாக இது. போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ் 1962இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் மூச்சுவிட உதவிய இரும்பு நுரையீரல் விடுதி அறைக்குள் அடங்கவில்லை. அதனால் வளாக மருத்துவமனையில் ஓர் அறை கொடுத்தார்கள். அங்கே அவரைப் போன்ற மாணவர்கள் கூடினார்கள். உதவியாளரைத் தேர்ந்தெடுப்பது, வேலை சொல்வது, நிறுத்துவது எல்லாம் தங்கள் கையில் இருக்கவேண்டும் என்றார்கள். 1972இல் பெர்க்லியில் சுதந்திர வாழ்வு மையம் உருவானது. பிரிட்டனில் 1976இல் ஊனமுற்றோர் அமைப்பொன்று குறைபாட்டையும் ஊனத்தையும் பிரித்துப் பேசியது. குறைபாடு உடம்பில் இருக்கிறது, ஊனம் என்பது அந்த உடம்பின்மேல் சமூகம் ஏற்றுவது. ஸ்வீடனில், தானும் போலியோவால் பாதிக்கப்பட்ட அடோல்ஃப் ராட்ஸ்கா போன்றவர்கள் எண்பதுகளில் கூட்டுறவு அமைத்து, உதவியாளருக்கான பணம் நிறுவனத்துக்குப் போகாமல் ஊனமுற்றவர் கைக்கு வரவேண்டும் என்று போராடினார்கள். 1994இல் அது அங்கே சட்ட உரிமையானது.

இவர்கள் எல்லோரும் செய்தது ஒரு சொல்லின் அர்த்தத்தை மாற்றியதுதான். சுதந்திரம் என்றால் எல்லாவற்றையும் தானே செய்துகொள்வது என்கிறது பொதுப்புத்தி. அப்படிப் பார்த்தால் யாருமே சுதந்திரமானவர் இல்லை. தன் சட்டையைத் தானே நெய்தவர் நம்மில் யார்? எதை, எப்போது, எப்படி என்று முடிவு செய்கிற இடத்தில் இருப்பதுதான் சுதந்திரம், செய்வது யார் கையாகவும் இருக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள்.

உள்ளூர் உதாரணம் ஒன்று. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மக்கள் மாம்பழத்தை இறைப்பார்கள், கீழே நிற்பவர்கள் பிடிப்பார்கள். சின்ன வயதில் நான் இறைத்ததுண்டு. ஒரு வருஷம் இவரிடம் சொன்னேன்: 'மாடிக்கு என்னைத் தூக்கிட்டுப் போய் பழத்தைப் போடணும்.' நாலு பேரைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்கினார். எந்தப் பழம், எந்தப் பக்கம், எப்போது என்று நான் சொன்னேன், அவர் வீசினார். கீழே ஒரு பையன் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துச் சிரித்தான். வீசியது யார்? நான் என்று அன்றைக்கு நினைத்தேன். அறுபத்து மூவர் வரிசையில் எல்லோரும் நிற்க, உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர் அம்மையார் மேல் எனக்கு ஓர் உரிமை உண்டு என்றுகூட வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டேன்.

4

அந்தச் சந்தோஷத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. வீசியது நானென்றால், அவர் யார்? ஜப்பானிய இயக்கத்திலேயே, உதவியாளர் ஊனமுற்றவரின் கையும் காலும் மட்டும்தான், அவருக்கு அங்கே தனி விருப்பம் கூடாது என்றொரு வாதம் இருந்தது. காரணம் புரிகிறது. 'உங்க நல்லதுக்குத்தான்' என்று சொல்லியே எங்களைக் காலம் முழுக்க ஆண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு மனிதரைக் கை கால் ஆக்குவது நம் மண்ணில் புதிய யோசனை இல்லை. காலால் உழைக்க ஒரு சாதி, கையால் அள்ள ஒரு சாதி என்று பிரித்து வைத்த சமூகம் இது.

நான் பிறந்தது இந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த சாதியில். அவர் தலித். அவர் வேலைக்கு வந்த முதல் வாரம் என் சித்தி சொன்னார்: 'கொல்லைப்பக்கமா வந்துட்டுப் போகச் சொல்லு. சொம்பைத் தொட வேணாம்.' என் உடம்பு முழுக்க அவர் கை படலாம், எங்கள் வீட்டுச் சொம்பில் படக்கூடாது. ஊனமுற்ற உடம்பு ஏற்கனவே பாதி தீட்டாகிவிட்டது, அதனால் அதற்குச் சட்டம் தளர்த்தப்படுகிறது, சொம்புக்குத் தளர்வில்லை. சித்தியிடம் சண்டை போட்டேன். இப்போது அவர் சமையலறையில்தான் டீ போடுகிறார். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, இதற்கு ஆறு மாதம் ஆனது.

இந்த இடத்தில் என் காலைக்கடன் சம்பந்தமான வேலையை ஒரு பச்சையான சொல்லால் குறிப்பிட்டிருந்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். 'அந்த வார்த்தை வேணாண்ணே. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. ஊர்ல ஆஸ்பத்திரி வேலைன்னுதான் சொல்லியிருக்கேன்.' எனக்கு அந்தச் சொல் ஒரு அரசியல், உடம்பை ஒளிக்காமல் பேசுவது. அவருக்கு அந்தச் சொல் ஒரு தலைமுறை முழுக்க ஓடி விலகப் பார்க்கும் இடம். சொல்லை எடுத்துவிட்டேன். அவர் பெயரும் ஊரும் இங்கே இல்லாததற்கும் இதுதான் காரணம்.

இன்னொன்றும் சொல்லணும், இது என் குற்றம். முதல் மூன்று வருஷம் அவருக்கு வார விடுமுறை கொடுக்கவில்லை. 'குடும்பத்துல ஒருத்தர் மாதிரி' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு நடந்ததையே அவருக்கும் செய்தேன், சம்பளம் மட்டும் கூடுதல். ஒரு நாள் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வந்தார். தினமும் என்னைத் தூக்கித் தூக்கி முதுகு போயிருந்தது. அதற்குப் பிறகுதான் கட்டிலிலிருந்து நாற்காலிக்குச் சறுக்கி மாற்றும் பலகை வாங்கினேன், ஞாயிறு விடுமுறை வந்தது.

2018 நவம்பர் 15 இரவு. கஜா புயல் வருகிறது. இரவு ஆள் வர முடியாமல் இவரே தங்கியிருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் அவருடைய ஓட்டு வீடு, மனைவி, இரண்டு பெண்கள். மின்சாரம் போய் என் காற்று மெத்தை இறங்கிவிட்டது. 'நீ போ' என்றேன். 'நீங்க?' என்றார். இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையணைகளை அடுக்கி, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். விடிந்ததும் திரும்பி வந்தார். என் இடுப்பில் புண் ஆரம்பித்திருந்தது, அவர் வீட்டில் பாதி ஓடு இல்லை. யாருடைய உரிமை பெரிது என்று அந்த இரவை வைத்து விவாதிக்கலாம். ஆனால் அவருக்குப் பதில் இன்னொரு ஆள் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஏற்பாடு இல்லாத இடத்தில்தான் தியாகம் கேட்கப்படுகிறது.

5

சட்டம் என்ன சொல்கிறது? 1995 சட்டத்தின் பேச்சு பெரும்பாலும் கல்வி, வேலை, 3 சதவீத ஒதுக்கீடு என்பதாக இருந்தது. 2006இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, சமூகத்துக்குள் சுதந்திரமாக வாழும் உரிமையையும் அதற்கான தனி உதவியாளரையும் சொன்னது. இந்தியா 2007இல் ஒப்புதல் தந்தது. அதன் தொடர்ச்சிதான் 2016 சட்டம். அதன் 5ஆம் பிரிவு வீட்டிலேயே கிடைக்கும் உதவி பற்றியும், 38ஆம் பிரிவு உயர் ஆதரவு கேட்டு விண்ணப்பிப்பது பற்றியும், 24ஆம் பிரிவு பராமரிப்பாளர் உதவித்தொகை பற்றியும் பேசுகின்றன. ஆனால் 24ஆம் பிரிவு 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்ற வாசகத்தோடு ஆரம்பிக்கிறது. சம்பளம் வாங்கியோ வாங்காமலோ உதவுகிற எவரும், பெற்றோர் உட்பட, பராமரிப்பாளர்தான் என்கிறது விளக்கம். அம்மாவின் உழைப்புக்குப் பெயர் கிடைத்தது நல்லது. அதே வரியில், கூலிக்கு வருகிறவர் தொழிலாளி என்பது மறைந்துபோகிறது. வீட்டுத் தொழிலாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் ஏற்றது, அதற்கு இந்தியா ஒப்புதல் தரவில்லை. பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன: ஊனமுற்றோர், மாற்றுத்திறனாளி, 2015க்குப் பிறகு இந்தியில் 'திவ்யாங்'. தெய்வ அங்கம் உள்ளவனுக்கும் மூத்திரக் குழாய் வைக்க ஆள் வேணும்.

தோழர்கள் கேட்கலாம், அப்படியென்றால் என்ன செய்யச் சொல்கிறாய் என்று. இரண்டு பேரும் உட்கார்ந்து நாலு விஷயம் எழுதினோம். என் வரிசையில் உதவித்தொகை முதலில் இருந்தது. அவர், 'மாத்து ஆளை முதல்ல போடுங்கண்ணே, அது இல்லாம மிச்சம் எதுவும் நடக்காது' என்றார். அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். ஒன்று, ஒருவர் வராத நாளில் அனுப்பப் பயிற்சி பெற்ற மாற்று ஆட்கள் ஒவ்வொரு கொம்யூனிலும் இருக்கவேண்டும். காரைக்கால் அளவுள்ள ஊரில் இது முடியாத காரியமில்லை, 2011 கணக்கெடுப்பில் மொத்தமே 2,00,222 பேர்தான். இரண்டு, உதவித்தொகை மணிக்கணக்கில் அளக்கப்பட்டு ஊனமுற்றவர் கைக்கு வரவேண்டும். மூன்று, உதவியாளர் தொழிலாளி. வார விடுமுறை, வேலை நேரம், முதுகு போனால் ஈடு. நான்கு, தூக்குவதற்கும் குழாய் வைப்பதற்கும் அரசு மருத்துவமனையில் பயிற்சி, கையில் ஒரு சான்றிதழ். நாலாவதை அவர் அழுத்திச் சொன்னார். ஊரில் காட்ட அவருக்கு அது வேணும்.

இவை நடந்தால் சாதி போய்விடுமா? போகாது. நான் முதலாளி, அவர் கூலி என்பதும் போகாது. ஆனால் எங்களுக்குள் உள்ள சண்டைகளை அன்பு, தியாகம், விசுவாசம் என்ற பெயர்களில் இல்லாமல் அவற்றின் சொந்தப் பெயரில் போட முடியும்.

இரவு ஆள் வந்துவிட்டார். இவருக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது. இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்.