சடத்துவ ஊடகமும் குறுமரமும்: பொன்சாய்ச் சாடிக்கான மண் தெரிவு பற்றிச் சில குறிப்புகள்

ஈழத்துத் தமிழ் இலக்கிய விமர்சனத்தில் ‘மண்வாசனை’ என்னும் சொல் 1950களின் பிற்பகுதி தொடக்கம் பெரும் பணி ஆற்றியுள்ளது. தேசிய இலக்கியம் பற்றிய விவாதங்கள் அச்சொல்லைச் சுற்றியே நடந்தன. ஆயின் மண் என்பது பௌதிக நிலையில் யாது என்னும் வினா அவ்விவாதங்களின் எல்லைக்குள் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நாமும் அதனை எழுப்பியவரல்லோம். ஆலங்கன்று ஒன்று நம் கையில் இறந்தபோதே அவ்வினாவை எதிர்கொள்ள நேர்ந்தது.

காகத்தின் எச்சத்தால் மதில் வெடிப்பொன்றில் முளைத்த கன்று அது. அதனைப் பெயர்த்து, ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் ஆழமுள்ள தட்டைச் சாடியொன்றில் நட்டோம். நல்ல செம்மண், உக்கிய மாட்டெரு, அடியில் நீர் வடிவதற்கெனக் கூழாங்கற் படை: ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லக்கூடிய முறை. கோடையில் கன்று செழித்தது. மாரியில் இலைகள் மஞ்சளாகின. பசியென எண்ணி மேலும் எரு இட்டோம். தை பிறந்து சாடியைக் கவிழ்த்தபோது வேர்கள் கறுத்து, குழைந்து, நாற்றமெடுத்துக் கிடந்தன. கன்று பட்டினியால் இறக்கவில்லை; மூச்சுமுட்டி இறந்தது.

வேர் சுவாசிக்கிறது என்பதைப் பாடசாலையிற் படித்திருந்தும் நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. முப்பது பாகை செல்சியசில் ஒரு லீற்றர் வளியில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஒட்சிசன் உண்டு. அதே வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீரிற் கரைந்திருக்கக்கூடியது ஏழரை மில்லிகிராம் அளவே. மேலும், நீரினூடாக ஒட்சிசன் பரவும் வேகம் வளியினூடாகப் பரவும் வேகத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வெப்பம் ஏற ஏற வேரின் சுவாசத் தேவை கூடுகிறது, நீர் தாங்கும் ஒட்சிசனோ குறைகிறது. எனவே நீர் தேங்கிய சாடி குளிர்நாட்டிலும் நம்போன்ற வெப்பநாட்டில் விரைவாகக் கொல்லும்.

துளையிட்ட சாடியில் நீர் ஏன் தேங்கவேண்டும்? பாத்திரம் துலக்கும் கடற்பஞ்சொன்றை நீரில் ஊறவைத்து, கிடையாக உள்ளங்கையில் ஏந்துக. சிறிது வடிந்தபின் சொட்டுவது நின்றுவிடும். இப்போது அதே பஞ்சை நெடுக்காக நிமிர்த்துக. மீண்டும் நீர் வடியும். பஞ்சு மாறவில்லை, நுண்டுளைகளும் மாறவில்லை. உயரம் மட்டுமே மாறியது. மண்ணும் இவ்வாறே. நுண்டுளைகள் மயிர்த்துளை விசையால் நீரைப் பற்றிக்கொள்வதால், சாடியின் அடியில் ஒரு குறித்த உயரத்துக்கு நிரம்பிய நீர்ப்படை எப்போதும் எஞ்சும். அவ்வுயரத்தைத் தீர்மானிப்பது துளைகளின் பருமனே, சாடியின் ஆழமன்று. ஆழமான சாடியில் அப்படைக்கு மேலே வேருக்கு வேண்டிய இடம் இருக்கும். பொன்சாயின் தட்டைச் சாடியிலோ அப்படையே முழுச்சாடியும் ஆகிவிடலாம். அடியிற் கூழாங்கல் இடுவது இதற்குப் பரிகாரமன்று. நுண்மண்ணிலிருந்து பருங்கல்லுக்கு நீர் எளிதில் இறங்காமையால், ஈரப்படை கல்லின் மேலே ஏறி அமர்ந்து வேருக்குரிய இடத்தை மேலும் குறைக்கிறது. நீர் வடியவென்று நாம் இட்ட படை நீரை மேலே தூக்கிவைத்தது.

ஆகவே பொன்சாய் மண்ணைத் தெரிவதில் முதற்கேள்வி அதில் என்ன சத்து உண்டு என்பதன்று. அதன் மணிகள் எப்பருமன் என்பதே. ஒரே பருமனான உருண்டைகளை ஒரு பாத்திரத்தில் இட்டால், அவை கடுகாயினும் தேசிக்காயாயினும், மொத்தக் கனவளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட வெளி இடையில் எஞ்சும். தேசிக்காய்களுக்கிடையே கடுகைக் கொட்டினால் அவ்வெளி அடைபடும். பரும்மணலையும் நுண்மண்ணையும் கலந்தால் நடுத்தரமான நல்ல மண் கிடைக்கும் என்னும் நம்பிக்கை இங்குதான் தோற்கிறது. கிடைப்பது இரண்டிலும் இறுகிய ஒன்று. எனவே எப்பொருளைத் தெரிந்தாலும் அதனை அரித்தல் வேண்டும். பொதுவாக இரண்டு முதல் ஆறு மில்லிமீற்றர் வரையான மணிகளே கொள்ளப்படுகின்றன. சிறுசாடிக்கு இவ்வெல்லையிற் சிறியவை, பெருமரத்துக்குப் பெரியவை. தூளைத் தயவின்றிக் கழித்தல் வேண்டும்.

இக்கலையின் தாயகமான யப்பானில் இப்பணியைச் செய்வன எரிமலை தந்த பொருள்கள். (சீனத்தின் பென்ஜிங் மரபே இதற்கு மூத்தது என்பதையும் மறத்தலாகாது.) டோக்கியோவைச் சூழ்ந்த கான்டோ சமவெளியை எரிமலைச் சாம்பற் படைகள் மூடியுள்ளன. அங்கு அகழப்படும் செந்நிறக் களிமணியே அக்கடமா. சொல்லின் பொருள் ‘செவ்வுருண்டை’ என்பதுதான். தோச்சிகி மாநிலத்துக் கனுமா நகரின் பெயர்கொண்ட மஞ்சள் நிற நுரைக்கல், அக்காகி எரிமலை நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கக்கியது, அமிலத்தன்மையுடையது, சற்சுகி அசேலியாச் செடிக்குப் பெயர்போனது. ஊசியிலை மரங்களுக்குக் கிரியு என்னும் கடினமான மணல் சேர்க்கப்படும். 1923ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்தின் பின் டோக்கியோவின் பொன்சாய்த் தொழிலாளர் சிலர் நல்ல நிலமும் நீரும் தேடி வடக்கே சென்று, 1925இல் ஓமியாவில் பொன்சாய்க் கிராமத்தை அமைத்தனர். அவர்கள் கையாண்டது தம் பிரதேசத்தின் காலடி மண்ணையே.

அதே மண் இன்று பொதிசெய்யப்பட்டுக் கடல் கடந்து விற்கப்படுகையில், அதனோடு ஒரு மர்மமும் சேர்ந்து விற்கப்படுகிறது. பண்டத்தின் மாயை பற்றி மார்க்ஸ் எழுதியதை நம் வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அக்கடமாவின் மெய்யான சிறப்பு மர்மமன்று. அது நீரையும் உரவுப்புக்களையும் தன் துளைகளிற் பற்றிவைத்து மெல்ல விடுகிறது. உலர்ந்தால் நிறம் வெளிறி, நீரூற்றும் வேளையை அறிவிக்கிறது. குறையும் உண்டு: அதன் மென்மணிகள் சில ஆண்டுகளில் நொறுங்கிக் களியாகின்றன, உறைபனி அதனை விரைவுபடுத்தும். பொசுபேற்றை இறுகப் பிடித்துக்கொள்வதால், கண்டிப்பான பொருளில் அதனைச் சடத்துவப் பொருள் எனலும் சரியன்று.

‘சடத்துவம்’ என்று ஈண்டு நாம் கருதுவது, உக்காமை, உருக்குலையாமை, நீரோடு வினைபுரியாமை என்னும் மூன்றையுமே. இத்தகைய ஊடகத்தில் மரம் வாழமுடியும் என்பதன் பின்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் விஞ்ஞானம் நிற்கிறது. தாவரம் உண்பது உக்கலையன்று, கனிப்பொருளுப்புக்களையே என 1840இல் லீபிக் வாதிட்டார். 1860களில் சாக்சும் நொப்பும் மண்ணே இன்றி உப்புக் கரைசலில் தாவரம் வளர்த்துக் காட்டினர். அந்த லீபிக்கைக் கற்றே மார்க்ஸ், 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில், மனிதனுக்கும் நிலத்துக்கும் இடையிலான அனுசேபம் முதலாளிய விவசாயத்தாற் குலைவதைச் சுட்டினார். சாடி அக்குலைவின் தூய வடிவம் எனலாம்: அங்கு எதுவும் திரும்பி வருவதில்லை, ஒவ்வொரு கிராம் நைதரசனும் வெளியிலிருந்தே வரவேண்டும். 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, அவ்வாண்டின் இறுதிக்குள் தளர்த்தப்படும்வரை நம் விவசாயிகள் பட்ட பாடு அறிந்ததே. வயலுக்காவது உக்கலின் சேமிப்பு எஞ்சியிருந்தது. சடத்துவச் சாடிக்கு அதுவும் இல்லை. அடித்தளம், மேற்கட்டுமானம் என்னும் உருவகத்தை இங்கே இழுத்துவரும் சபலத்தை நாம் அடக்கிக்கொள்கிறோம்.

பட்டினி போட்டே மரம் குறுக்கப்படுகிறது என்னும் பரவலான எண்ணமும் தவறானது. கிளையையும் வேரையும் நறுக்குவதும் வேரின் இடத்தை மட்டுப்படுத்துவதுமே குறுக்குகின்றன. உரம் சிறிது சிறிதாக, அடிக்கடி இடப்படல் வேண்டும்.

இனி நம் நிலைமைக்கு வருவோம். இலங்கையில் எரிமலைப் படைகள் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணக்கல். அக்கடமாவின் வேலையைச் செய்யவல்ல அண்மைப் பொருள் சுட்ட களிமண், அதாவது உடைந்த செங்கல்லும் கூரையோடும். போரில் இடிந்த வீடுகளின் வளவுகளில் ஓட்டுத்துண்டுகள் இன்னும் கிடக்கின்றன. நாம் பொறுக்கியதும் அத்தகைய வளவொன்றிலேதான். பொறுக்குகையில் மூன்றைக் கவனித்தல் வேண்டும். ஒட்டியிருக்கும் சுண்ணச் சாந்தைச் சுரண்டி அகற்றுக. அஸ்பெஸ்ரஸ் துண்டு எதுவும் கலந்துவிடக்கூடாது; அதனை இடிப்பது நுரையீரலுக்குக் கேடு. ஓட்டையும் நனைத்தே இடிக்கவேண்டும், அதன் தூசியும் நல்லதன்று. வேகாத செங்கல்லை ஒதுக்குவதற்கு எளிய சோதனை, சில துண்டுகளை ஒரு வாரம் நீரில் ஊறவைத்து விரலால் நசுக்கிப் பார்ப்பதே. நசுங்கினால் அது மீண்டும் களிமண்ணே.

பெருநிலப்பரப்பிலிருந்து வரும் கருங்கற்சல்லியின் சிறுமணி நீரைத் தன்னுள் வைத்திராது. ஆயினும் உருக்குலையாது, பாரத்தால் மரத்தை நிறுத்தும். ஆற்றுமணலிற் பெரும்பகுதி நம் தேவைக்கு மிக நுண்ணியது. மணல் அகழ்வால் நம் ஆறுகள் படும் பாட்டை நோக்கினால், அதனை நாடாதிருப்பதே நன்று. கடல்மணலில் உப்பும் சிப்பித்தூளும் உண்டு. சுண்ணக்கல் மணிகள் பார்வைக்கு அழகியவை, ஆனால் நீரைக் காரமாக்கி இரும்புச்சத்தை வேருக்கு எட்டாதவாறு செய்துவிடும். ஐயமான கல்லின்மேல் வினாகிரி துளியிட்டால், நுரைப்பது சுண்ணம். நம் கிணற்று நீரே கல்சியம் மிக்கதாதலின், ஊடகத்தால் அதனை மேலும் கூட்டுதல் தகாது. விறகுக்கரி இலேசானது, துளை மிக்கது. சிறு பங்கு சேர்க்கலாம். உமிக்கரி மிக நுண்ணியதாய்த் துளைகளை அடைக்கும். கடைகளிற் கிடைக்கும் பேர்லைற், எரிமலைக் கண்ணாடியைச் சூடாக்கிப் பொரித்தெடுத்தது. குறையற்ற பொருள், காற்றுக்குப் பறப்பதைத் தவிர. தும்புத்தூள் உக்கும் பொருளாதலின் இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

இரண்டாவது ஆலங்கன்றை மூன்று பங்கு ஓட்டுமணி, ஒரு பங்கு கருங்கல், ஒரு பங்கு கரி என்னும் கலவையில் நட்டுள்ளோம். மேலெல்லைக்குக் கால் அங்குலக் கம்பிவலை. கீழெல்லைக்கு யன்னலுக்கு அடிக்கும் நுளம்புவலையை அரிதட்டாகக் கட்டினோம். அது ஒன்றரை மில்லிமீற்றர் வரையானவற்றையே கழிக்கும். மாரியைக் கடக்க அது போதுமாயிற்று. சாடியைத் தூக்கிச் சற்றே சாய்த்தால் அடித்துளையினூடாக மேலும் கொஞ்சம் நீர் வடியும். பஞ்சின் பாடம் அதுவே. சோளகம் வீசும் மாதங்களில் காலையும் மாலையும் நீரூற்ற வேண்டியிருக்கிறது, ஒருநாள் தவறினும் இலை சுருளும். அரிதட்டின் கீழே விழுந்த செந்தூள் ஒரு கடகம் சேர்ந்தது. அதனைக் கத்தரிப் பாத்தி ஓரத்து நடைபாதையிற் கொட்டிவிட்டோம்.