விலை உயர்ந்த ஹெட்போன்: காதுக்குச் சுகம் தருமா?

ஒரு சங்கை எடுத்துக் காதில் வைத்துப் பாருங்கள். "ஓ" என்று ஓர் இரைச்சல் கேட்கும். "உள்ளே கடல் இருக்கிறது" என்று குழந்தைகள் சொல்வார்கள்.

சங்குக்குள் கடல் இல்லை. வெளியே இருக்கும் சத்தம் சங்கின் குழிக்குள் புகுகிறது. சுவரில் மோதி மோதித் திரும்புகிறது. அதுதான் கடல் ஓசை போலக் கேட்கிறது.

காதை முழுவதும் மூடும் ஹெட்போனிலும் இதே தொல்லை உண்டு! இந்தத் தொல்லையைப் போக்குவதற்காகவே சில கம்பெனிகள் 2 ஆயிரம் டாலர், 3 ஆயிரம் டாலர் விலையில் ஹெட்போன் செய்கின்றன.

அவ்வளவு பணம் கொடுத்தால் பாட்டு நன்றாகக் கேட்குமா? மாட்டிக்கொண்டால் காதுக்குச் சுகமாக இருக்குமா?

இரண்டு வகை

ஹெட்போனுக்குள் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அது முன்னும் பின்னும் அதிர்கிறது. முன்பக்கத்து ஒலி காதுக்குப் போகிறது. பின்பக்கத்து ஒலி எங்கே போவது?

சில ஹெட்போன்களின் பின்புறம் சல்லடை போல இருக்கும். ஒலி அதன் வழியே வெளியே போய்விடும். இது திறந்த வகை. ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி 1968-ம் ஆண்டில் "எச்.டி. 414" என்ற ஹெட்போன் மூலம் இந்த வகையைக் கடைக்குக் கொண்டுவந்தது.

இதில் பாட்டு காற்றோட்டமாகக் கேட்கும். ஆனால் நாம் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். தெருச் சத்தமும் நம் காதுக்கு வந்துவிடும்.

பின்புறம் கிண்ணம் போல அடைத்திருந்தால் அது மூடிய வகை. இதில் வெளிச் சத்தம் குறைவாக வரும். நம் பாட்டும் வெளியே அதிகம் போகாது. ஒருவர் பாட்டுக் கேட்கலாம்; பக்கத்தில் குழந்தை தூங்கலாம். அதனால்தான் பாடல் பதிவு செய்யும் ஸ்டூடியோக்களில் பாடகர்கள் மூடிய வகையை மாட்டிக்கொள்கிறார்கள். திறந்த வகையாக இருந்தால், அதில் ஒலிக்கும் பின்னணி இசை மைக்கில் புகுந்துவிடும்.

பானைக்குள் பாட்டு

மூடிய வகையில் ஒரு சங்கடம் உண்டு. பின்பக்கத்து ஒலி வெளியே போக வழி இல்லை. அது கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. பாட்டோடு கலந்துவிடுகிறது. பானைக்குள் வாயை வைத்துப் பேசினால் எப்படி இருக்கும்? அப்படி ஆகிவிடும்!

இதைத் தடுக்க ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வழியைக் கண்டுபிடித்தது.

சென்ஹைசர் 2018-ல் "எச்.டி. 820" என்ற ஹெட்போனைச் செய்தது. அது வந்தபோது விலை 2,400 டாலர். இதன் பின்புறத்தில் வளைந்த கண்ணாடி இருக்கிறது. பின்னால் போகும் ஒலி இந்த வளைவில் பட்டு, ஓரத்துக்குத் திரும்புகிறது. அங்கே ஒலியை உறிஞ்சும் பொருள் வைத்திருக்கிறார்கள். ஒலி அங்கேயே அடங்கிவிடுகிறது.

ஜப்பானியர் மரத்தை நம்பினார்கள். மரம் உலோகத்தைப் போலக் கணகண என்று அதிராது. சோனி கம்பெனி 1989-ல் "எம்.டி.ஆர். ஆர்10" என்ற ஹெட்போனைச் செய்தது. 200 ஆண்டு வயதான ஜெல்கோவா மரத்தைக் குடைந்து அதன் கிண்ணங்களைச் செய்தார்கள். அந்தக் காலத்திலேயே அதன் விலை சுமார் 2,500 டாலர்! டெனான் என்ற ஜப்பானியக் கம்பெனி 2018-ல் மூங்கிலைப் பயன்படுத்தியது. அந்த மூங்கில் கோச்சி என்ற இடத்தில் வளர்ந்தது. இது கேரளத்துக் கொச்சி அல்ல. ஜப்பானில் உள்ள கோச்சி.

பிரான்சு நாட்டின் போகல் கம்பெனி சவ்வை மாற்றியது. 2019-ல் வந்த "ஸ்டெல்லியா" ஹெட்போனில் சவ்வு பெரிலியம் என்ற உலோகத்தால் ஆனது. இது மிகவும் லேசானது, ஆனால் விறைப்பானது. மின்சாரம் சொன்னபடி உடனே அசையும், உடனே நிற்கும். தாளத்தின் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்க இது உதவுகிறது. அது வந்தபோது விலை 2,999 டாலர்.

தலையில் எவ்வளவு பாரம்?

ஒலி மட்டும் நன்றாக இருந்தால் போதுமா? மணிக்கணக்கில் தலையில் சுமக்க வேண்டுமே!

எச்.டி. 820-ன் எடை 360 கிராம். ஸ்டெல்லியா 435 கிராம். அமெரிக்காவின் ஆடிசி கம்பெனி செய்யும் "எல்.சி.டி. எக்ஸ்.சி." என்ற மூடிய ஹெட்போன் 650 கிராமுக்கு மேல் இருக்கிறது. சவ்வை அசைக்க அதில் பெரிய காந்தங்களை வைத்திருக்கிறார்கள். பாரத்துக்கு அதுவே முக்கியக் காரணம்.

இவற்றோடு ஸ்டூடியோக்களில் உழைக்கும் சாதாரண ஹெட்போன்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜெர்மனியின் பேயர்டைனமிக் கம்பெனியின் "டி.டி. 770 புரோ" 270 கிராம். சோனியின் "எம்.டி.ஆர். 7506" சுமார் 230 கிராம்தான். 1991 முதல் விற்பனையில் உள்ள இந்த சோனி ஹெட்போன், அவற்றைவிட மிகவும் மலிவாகக் கிடைக்கிறது.

எடையை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. தலைப் பட்டை அகலமாக இருந்தால் பாரம் பரவும். அரை கிலோவும் தெரியாது. பட்டை ஒடுங்கி இருந்தால் கால் கிலோவும் உச்சந்தலையில் வலிக்கும்.

காதைச் சுற்றி உட்காரும் மெத்தையும் முக்கியம். தோல் மெத்தை வெளிச் சத்தத்தை நன்றாக அடைக்கும். ஆனால் வெயில் காலத்தில் வியர்க்கும். துணி மெத்தையில் வியர்வை குறைவு. ஆனால் சத்தம் கொஞ்சம் கசியும். டி.டி. 770 புரோவில் இருப்பது வெல்வெட் போன்ற துணி மெத்தை.

சுகமும் ஒலியும் ஒன்றே

"ஒலி வேறு, சுகம் வேறு" என்று பலர் நினைக்கிறார்கள். மூடிய ஹெட்போனில் அது சரி அல்ல. இரண்டும் ஒன்றோடு ஒன்று பிணைந்தவை.

சைக்கிள் பம்பில் சிறு ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. ஹெட்போனும் அப்படித்தான். மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் கனத்த ஒலி கசிந்துவிடும். தவிலின் முழக்கமும் மிருதங்கத்தின் தொப்பி நாதமும் மெலிந்துபோகும். ஜால்ரா மட்டும் கீச்சென்று கேட்கும்.

இடைவெளி எப்படி விழுகிறது? மூக்குக் கண்ணாடியின் காம்பு போதும். அடர்ந்த முடி போதும். பெரிய கம்மல், ஜிமிக்கி போதும். காதுக்குப் பின்னால் எலும்பு சற்றுப் பள்ளமாக இருந்தாலும் போதும். ஆகவே ஒருவர் "பிரமாதம்" என்று சொல்லும் ஹெட்போன் இன்னொருவருக்குச் சப்பென்று இருக்கலாம். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். தலைதான் வேறு!

இடைவெளி விழாமல் இருக்க இறுக்கமாகச் செய்தால் தாடை வலிக்கும். தளர்த்தினால் ஒலி கசியும். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் தலைக்குப் பொருந்துவது எது என்பதே கேள்வி.

விலையா, ஒலியா?

விலை கூடினால் ஒலியும் கூடுமா? ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். 283 ஹெட்போன்களின் அளவுகளை எடுத்துக்கொண்டார். காதுக்குள் செருகுவது, காதின் மேல் வைப்பது, காதை மூடுவது எல்லாம் அதில் இருந்தன. தாழ்ந்த ஒலி, நடு ஒலி, உயர்ந்த ஒலி ஆகியவற்றை அவை எந்த விகிதத்தில் தருகின்றன என்று கணக்கிட்டார். 2017-ல் முடிவை வெளியிட்டார். அந்த விகிதத்துக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது!

அமெரிக்காவின் ஹார்மன் கம்பெனியில் சான் ஆலிவ் என்ற விஞ்ஞானி வேறு ஒரு சோதனை செய்தார். ஒரே ஹெட்போனை எல்லோருக்கும் மாட்டினார். பல ஹெட்போன்களின் ஒலியை அந்த ஒன்றிலேயே மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தார். கேட்பவருக்குப் பெயரும் தெரியாது, விலையும் தெரியாது, எடையும் தெரியாது. காது மட்டுமே நீதிபதி! கீழ் ஒலியும் மேல் ஒலியும் அளவோடு கலந்திருந்ததையே பெரும்பாலோர் விரும்பினார்கள்.

அப்படியானால் விலை எதற்கு? மரம், தோல், உலோகம், கை வேலை, நீண்ட நாள் உழைப்பு ஆகியவற்றுக்கு. நுணுக்கமான ஒலிக்கும் ஓரளவு உண்டு. வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். கடன் வாங்கி வாங்க வேண்டிய பொருள் இது அல்ல.

காது போனால் வராது

இனி மிக முக்கியமான செய்தி.

நம் உட்காதில் நுண்ணிய முடி போன்ற அமைப்புள்ள செல்கள் இருக்கின்றன. ஒலியை உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்புபவை அவைதான். அதிகச் சத்தத்தில் அவை செத்துவிடும். செத்தவை மீண்டும் முளைப்பது இல்லை.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 டெசிபல் ஆனால் வாரம் முழுவதற்கும் சுமார் 20 நிமிடம்தான்!

ரயிலிலும் பஸ்சிலும் போகும்போது என்ன செய்கிறோம்? வெளி இரைச்சலை அமுக்குவதற்காகப் பாட்டுச் சத்தத்தை ஏற்றுகிறோம். அதுதான் ஆபத்து. நன்றாகப் பொருந்தும் மூடிய ஹெட்போன் வெளி இரைச்சலைக் குறைக்கிறது. டி.டி. 770 புரோ சுமார் 18 டெசிபல் குறைக்கும் என்று அதைச் செய்யும் கம்பெனி சொல்கிறது. வெளி இரைச்சல் குறைந்தால் பாட்டையும் குறைத்து வைக்கலாம். காது பிழைக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. மூடிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாலையில் நடக்கவே கூடாது. ரயில் பாதையைக் கடக்கவே கூடாது. பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காது!

கடையில் எப்படிப் பார்ப்பது?

ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் இப்படிச் சோதிக்கலாம்:

மூக்குக் கண்ணாடி அணிபவர் அதை அணிந்தபடியே மாட்டிப் பார்க்க வேண்டும்.

20 நிமிடமாவது கழற்றாமல் இருக்க வேண்டும். முதல் நிமிடத்தில் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். வலி பிறகுதான் தெரியும்.

நன்றாகத் தெரிந்த ஒரே பாட்டை எல்லாவற்றிலும் கேட்க வேண்டும். சத்தத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். எது சத்தமாகப் பாடுகிறதோ அதுவே நல்லது என்று காது ஏமாந்துவிடும்.

பாட்டு ஓடும்போது இரண்டு கிண்ணங்களையும் கையால் மெல்ல அழுத்துங்கள். தாழ்ந்த ஒலி திடீரென்று கனத்தால், அது உங்கள் தலைக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள்.

மெத்தை நைந்தால் புதியது கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். செயற்கைத் தோல் சில ஆண்டுகளில் உரிந்துவிடும். மெத்தை கிழிந்தால் நல்ல ஒலியும் போய்விடும்.

பிள்ளைகளுக்கு வாங்கித் தருபவர்கள் இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். ஹெட்போன் மாட்டிய பிள்ளையை ஒரு கை நீளத் தூரத்தில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். அதன் பாட்டு உங்களுக்குக் கேட்டால், சத்தத்தை உடனே குறைக்கச் சொல்லுங்கள்.

ஹெட்போன் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். காதுக்குக் கடை கிடையாது!