சாய்ஸ் லிஸ்ட்டில் எதை முதலில் போடுவது?

போன வருஷம் ஜூலை கடைசியில் ஒரு சாயங்காலம். கோவளத்தில் மாதா கோயில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் போனை நீட்டிக்கொண்டு வந்தான். "அண்ணா, ஃபர்ஸ்ட் சாய்ஸே கிடைச்சிடுச்சு!" வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவன். அவன் அம்மா கல்கண்டு கொடுத்தார். வாயில் போட்டுக்கொண்டே அவன் போட்டிருந்த சாய்ஸ் லிஸ்ட்டைப் பார்த்தேன். மொத்தமே ஆறு வரி. முதல் வரியில் இருந்த கல்லூரிக்கு இங்கிருந்து மூன்று பஸ் மாறி இரண்டரை மணி நேரம் போகணும். நாலாவது வரியில் இருந்தது பழைய மாமல்லபுரம் சாலையில், அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய, தேர்ச்சி விகிதமும் நன்றாக இருக்கிற ஒரு கல்லூரி.

"ஏண்டா இதை நாலாவதா போட்ட?"

"அது நமக்குக் கிடைக்காதுண்ணா. கிடைக்கிறதை முதல்ல போட்டாதான் சேஃப்னு சொன்னாங்க."

அடுத்த நாள் தெரிந்தது. அவன் கூடப் படித்தவன், ரேங்க்கில் இவனுக்குப் பின்னால் இருந்தவன், அதே எம்.பி.சி. பிரிவு, அந்த நாலாவது கல்லூரியில் அதே கோர்ஸை வாங்கியிருந்தான். அதை அவன் முதல் வரியில் போட்டிருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தத் தப்பு ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. மார்க் வாங்காமல் சீட்டை இழப்பது ஒன்று, மார்க் வாங்கிய பிறகு லிஸ்ட்டில் இழப்பது இன்னொன்று. இரண்டாவதைத் தடுக்க அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினால் போதும். எனவே விளக்குகிறேன்.

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில், அதாவது டி.என்.இ.ஏ.வில், கட்-ஆஃப் 200க்கு. கணக்கு மார்க் அப்படியே 100க்கு, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதி பாதியாக 50க்கு 50க்கு. கணக்கில் 72, பிசிக்ஸில் 68, கெமிஸ்ட்ரியில் 76 என்றால் 72 + 34 + 38 = 144. இதை வைத்து மாநிலம் முழுக்க ஒரே ரேங்க் பட்டியல், கூடவே சமூகப் பிரிவுக்கான ரேங்க். 2017 வரை கவுன்சலிங்குக்கு அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போகவேண்டும். உங்கள் முறை வரும்போது எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்பது திரையில் தெரியும். இருப்பதில் ஒன்றை எடுப்பீர்கள். அதில் யூகத்துக்கே இடமில்லை. 2018இல் எல்லாம் ஆன்லைனுக்கு மாறியது. கிண்டி வரை அலைய வேண்டியதில்லை என்பது பெரிய நன்மைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திரை போய்விட்டது. என்ன மிச்சம் இருக்கும் என்று தெரியாமலே முன்கூட்டி லிஸ்ட் போடவேண்டும். 'கிடைக்கிறதை முதல்ல போடு' என்ற யோசனை அங்கேதான் முளைத்தது.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? ஒரு சுற்றுக்கு அழைக்கப்பட்டவர்களை ரேங்க் வரிசையில் எடுத்துக்கொள்கிறது. உங்கள் முறை வந்ததும் லிஸ்ட்டை மேலிருந்து கீழே படிக்கிறது. முதல் வரியில் இடம் இருக்கிறதா? பொதுப்பிரிவில் பார், இல்லையென்றால் உங்கள் சமூகப் பிரிவில் பார். இருந்தால் கொடு, முடிந்தது. இல்லையென்றால் இரண்டாவது வரி. நூறாவது வரியில் கிடைத்தாலும் கிடைத்ததுதான். முக்கியமான விஷயம் இது: முதல் மூன்று வரியில் எட்டாத கல்லூரிகளைப் போட்டதால் நாலாவது வரியில் உங்கள் உரிமை ஒரு துளிகூடக் குறையாது. நாலாவதாகப் போட்ட கல்லூரிக்கு நீங்கள் அதை நாலாவதாகத்தான் போட்டீர்கள் என்பதே தெரியாது. உங்களுக்குப் பின்னால் இருப்பவர் அதை முதலாவதாகப் போட்டிருந்தாலும் உங்கள் லிஸ்ட்டைப் படித்து முடித்த பிறகுதான் அவர் லிஸ்ட்டைத் திறக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்று இரண்டு பேர் கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணத்தையும் ஒரே கட்டுரையில் வைத்து, இரண்டு பக்கமும் விருப்பப் பட்டியல் கொடுத்தால் யாரை யாரோடு சேர்ப்பது என்று ஒரு முறை சொன்னார்கள். சில பக்கக் கட்டுரைதான். ஐம்பது வருஷம் கழித்து, 2012இல், ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. கேல் 2008லேயே இறந்துவிட்டார். நம்முடைய முறை அவர்கள் சொன்னதைவிட எளிது, ஏனென்றால் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே ரேங்க் பட்டியல். இதை அந்தத் துறையில் 'வரிசைச் சர்வாதிகாரம்' என்கிற பொருளில் ஒரு பெயரால் சொல்வார்கள். கேட்கப் பயமாக இருந்தாலும் இதைப்போல மாணவனுக்கு நேர்மையான முறை வேறில்லை. இந்த முறையில் மனசில் உள்ள வரிசையை அப்படியே எழுதுவதுதான் லாபம், தந்திரம் பண்ணினால் நஷ்டம் மட்டுமே வரும். இது யாருடைய அபிப்பிராயமும் இல்லை, கணக்காக நிரூபித்தது.

அப்புறம் போன வருஷக் கட்-ஆஃப் எதற்கு? வரிசைப்படுத்த அல்ல, லிஸ்ட்டை எவ்வளவு தூரம் கீழே நீட்டவேண்டும் என்று தெரிந்துகொள்ள. கல்லூரி வாரியாக, கோர்ஸ் வாரியாக, சமூகப் பிரிவு வாரியாக டி.என்.இ.ஏ. தளத்திலேயே கிடைக்கிறது. 144 எடுத்தவர் 160இல் மூடிய கல்லூரிகளையும் போடலாம், 120இல் மூடியதையும் போடவேண்டும். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கும் இடத்தில் ஆறு வரி என்பது லிஸ்ட்டே இல்லை. ஒரே ஒரு விதி: போய்ச் சேர மாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தைப் போடாதீர்கள். கிடைத்துவிடும்.

கிடைத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. ஏற்று சேர்கிறேன், ஏற்கிறேன் ஆனால் மேலே உள்ள வரி காலியானால் அதைக் கொடு, இது வேண்டாம் மேலே காலியானால் மட்டும் கொடு, அடுத்த சுற்றுக்குப் போகிறேன், வெளியேறுகிறேன் என்று தேர்வுகள் வரும். இரண்டாவதுதான் பெரும்பாலானவர்களுக்கு நல்லது. நம் பையனுக்கு அது பயன்படவில்லை. முதல் வரிக்கு மேலே வரி ஏது?

சின்ன விஷயம், ஆனால் இங்கே அடிக்கடி கழுத்தை அறுப்பது போன் நம்பர். பதிவு பண்ணும்போது சென்டர்காரர் தன் நம்பரைப் போட்டுவிடுவார், அல்லது அப்பாவின் நம்பரைப் போடுவார்கள், அவர் கடலில் இருப்பார். லிஸ்ட்டைப் பூட்டும் நேரத்தில் ஓ.டி.பி. எங்கேயோ போய் விழும். மாணவரின் சொந்த நம்பர், ஆகஸ்ட் வரை ரீசார்ஜ் தீராத சிம், இது போதும். அரசு நடத்தும் சேர்க்கை சேவை மையங்களில் விண்ணப்பத்துக்கு இலவசமாகவே உதவுகிறார்கள். நான் முதல்வன் திட்டத்தில் 'கல்லூரிக் கனவு' என்று மாவட்டந்தோறும் வழிகாட்டி நிகழ்ச்சியும் நடக்கிறது. என்னென்ன படிப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது நல்லது. ஆனால் லிஸ்ட் போடுவது மண்டபத்தில் நடக்கிற வேலை இல்லை, ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் நடக்கிறது.

பணம் பற்றி இரண்டு விஷயம். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை ஒற்றைச்சாளரக் கவுன்சலிங்கில் சேர்ந்தால்தான் கிடைக்கும். "கவுன்சலிங் எல்லாம் எதுக்கு, மேனேஜ்மென்ட்ல நானே வாங்கித் தரேன்" என்று மே மாதமே வீட்டுக்கு வருகிற ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார். அவர் வருகிற நேரத்தையும் கவனியுங்கள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கோவளத்து ஃபைபர் படகு கடலுக்குப் போகலாம். ஆனால் காசிமேட்டில் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அந்த இரண்டு மாதமும் கையில் காசு இருக்காது. 'இப்போ அட்வான்ஸ் ஐயாயிரம், மீதி அப்புறம்' என்பது அப்போதுதான் காதில் தேனாக விழும்.

இரண்டாவது, 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020இல், பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் போன்றவற்றுக்கு 2021இல் வந்தது. இதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆனால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும். கடற்கரை ஊர்களில் தேவாலயங்கள் நடத்துகிற அரசு உதவிபெறும் பள்ளிகள் நிறைய. அங்கே படித்த பிள்ளைகளும் அதே வறுமையிலிருந்து வந்தவர்கள்தான், ஆனால் இதற்குள் வரமாட்டார்கள். 'உதவிபெறும் பள்ளியும் கவர்மென்ட்தானே' என்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு கேட்டால் பதில் இல்லை. ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது யாராவது சொல்லியிருக்கவேண்டும். மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டம் 2024 கடைசியில் உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளுக்கும் நீண்டது. மாதம் 1000 ரூபாய்.

இன்னொன்று, டி.என்.இ.ஏ. லிஸ்ட்டில் இல்லாத படிப்புகள். மீன்வளப் பட்டமான பி.எஃப்.எஸ்சி.க்கு விண்ணப்பம் வேறு. அரசு கலைக் கல்லூரிகளுக்குத் தனி. செம்மஞ்சேரியில் இருக்கிற இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்துக்குத் தனி நுழைவுத்தேர்வு. நம் ஊருக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தினமும் அந்த கேட்டைத் தாண்டி பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு உள்ளே வேலை பார்ப்பவர்கள் என்ன படித்தார்கள் என்று தெரியாது. அப்பாக்களும் சொல்வதில்லை. "கடல் எங்களோட போகட்டும்" என்பார்கள். அதற்கு நான் எதிர்வாதம் செய்வதில்லை, படிவம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, அந்தப் பையன். அதே கல்லூரியில் சேர்ந்தான். காலையில் ஐந்தரைக்குக் கிளம்பி, ராத்திரி ஏழரைக்குத் திரும்பினான். முதல் செமஸ்டரில் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' பேப்பரில் அரியர். பள்ளியில் கணக்கில் 72 எடுத்தவன். சனி ஞாயிறு ரிசார்ட்டில் வேலைக்குப் போக ஆரம்பித்தான், கையில் காசு வந்தது, "விட்டுடலாம்னு இருக்கேண்ணா" என்றான். அரியர் என்றால் படிப்பே முடிந்தது என்று வீட்டில் நினைத்தார்கள். அப்படி இல்லை, அடுத்த செமஸ்டரில் எழுதலாம், இன்டர்னல் 40 ஏற்கெனவே இருக்கிறது என்று விளக்கவே ஒரு மாலை ஆனது.

டியூஷன் வைக்கலாமா என்று கேட்டார்கள். அதற்கு முன்னால் விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி வாங்கச் சொன்னேன். யாரும் செய்யாத காரியம், ஆனால் இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். கெய்லி-ஹாமில்டன் தேற்றத்தை 'வெரிஃபை' பண்ணச் சொல்லி, 'ஹென்ஸ் ஃபைண்ட்' என்று நேர்மாறு அணியைக் கேட்டிருந்தார்கள். இவன் நேராக நேர்மாறு அணியைப் பள்ளியில் கற்ற முறையில் போட்டிருந்தான். விடை சரி! ஆனால் தேற்றத்தைச் சரிபார்க்கவே இல்லை, அதை வைத்தும் கண்டுபிடிக்கவில்லை. பெரும்பகுதி மார்க் போயிருந்தது.

"வெரிஃபைன்னா சரிபார்க்க. ஹென்ஸ்னா இதிலிருந்து."

"சரிபார்க்கவா?" என்றான். "தெரியும்ணா. ட்வெல்த் புக்ல வரும்."

பன்னிரண்டு வருஷம் தமிழில் கணக்குப் போட்டவன். அவனுக்குக் கணக்கில் இடறவில்லை, கேள்வியின் வினைச்சொல்லில் இடறியிருக்கிறது. அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தோம். ஐந்து வருஷக் கேள்வித்தாள்களிலிருந்து இந்த மாதிரிச் சொற்களைப் பொறுக்கி, இடது பக்கம் அதை எழுதி வலது பக்கம் பாடப்புத்தகத் தமிழ். ப்ரூவ் என்றால் நிறுவுக, ஷோ தட் என்றால் எனக் காட்டுக, எவாலுவேட் என்றால் மதிப்பிடுக. முப்பதுகூட வரவில்லை.

ஏப்ரல்-மே தேர்வில் அந்தப் பேப்பரை முடித்துவிட்டான். ரிசார்ட் வேலை இன்னும் போகிறது, ஞாயிறு மட்டும். போன வாரம் அந்த நோட்டைக் கொண்டுவந்தான். கடைசிப் பக்கத்தில் 'டெடியூஸ்' என்று எழுதி எதிரே கேள்விக்குறி போட்டிருந்தது.

"வருவி-ன்னு போட்டுக்கோ," என்றேன்.

"அது டிரைவ் இல்லையாண்ணா?"