நீலகிரிப் புல்வெளியின் சான்று

உதகைக்கு அப்பாலுள்ள புல்வெளிகள் மனிதர் சோலையை அழித்ததால் உண்டானவை என்று பலர் எண்ணுவர். இவ்வழக்கில் சான்று பகர்வன இலையினுள் உறையும் இரண்டு நொதிகளே என்பதை நாம் ஈண்டு விளக்குவோம்.

சோலை மரமும் தேயிலையும் ரூபிஸ்கோ என்னும் நொதியால் கரியமில வாயுவை நேரே பற்றுகின்றன. இந்நொதி சற்றே ஏமாளி; வெப்பம் மிகுங்கால் பிராணவாயுவையும் பற்றி உழைப்பை வீணாக்கும். புற்கள் பலவற்றிலோ, பெப் கார்பாக்சிலேஸ் என்னும் நொதி அங்ஙனம் மயங்காது கரியை முதலிற் பற்றி, நான்கு கரியணுக்களுடைய அமிலமாக உள்ளறையிலுள்ள ரூபிஸ்கோவுக்கு அனுப்புகின்றது. இது புதிய படைப்பன்று. எல்லாச் செடிகளிலும் வேறு பணி செய்துவந்த பழைய ஊழியனே. பூக்குந் தாவரங்களில் இவ்வேற்பாடு தனித்தனியே 60 முறைக்கு மேல் தோன்றியதாம்!

ரூபிஸ்கோ பளுவான கரி-13ஐ மிகுதியும் விலக்கும்; மற்றது அத்துணை விலக்காது. செடி மட்கினும் இவ்வேறுபாடு அழியாது. 1993-ல் ஆர். சுகுமார் முதலிய அறிஞர் நீலகிரிச் சதுப்புக்களின் மட்கிய கருமண்ணைச் சோதித்து, ஏறக்குறைய 18,000 ஆண்டுகட்கு முன், பனியூழியின் வறட்சியில், இரண்டாம் வகைப் புற்களே இங்கு மிக்கிருந்தன எனக் கண்டனர். ஆங்கிலேயர் வாட்டில் மரம் நட்டு மூடிய நிலம் பாழ்நிலமன்று. சோலையோடொத்த பழமையுடைய புல்வெளியே.