ஒரே ஆள், ஐந்து வீரர்கள்

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் கற்பனை உலக விளையாட்டுகளில், ஒருவரே ஒரே நேரத்தில் பல பாத்திரங்களை இயக்குவதுண்டு. இதை 'மல்டிபாக்ஸிங்' என்கிறார்கள்.

பிளிஸார்ட் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில், நிலவறைச் சண்டைகள் ஐந்து பேர் கொண்ட குழுவுக்கென அமைந்தவை. அடி தாங்க ஒருவர், காயம் ஆற்ற ஒருவர், தாக்குவதற்கு மூவர். துணைக்கு ஆள் தேடாமல் ஐந்து பேரையும் தானே இயக்க நினைப்பவர் ஐந்து கணக்குகள் தொடங்குவார்; ஐந்துக்கும் மாதச் சந்தா கட்டுவார். முன்னே போகிறவரைப் பின்தொடரும்படி கட்டளை கொடுத்தால் மற்ற நால்வரும் வரிசையாக வந்துவிடுவார்கள். சண்டை மூண்டபின்தான் சோதனை. ஒரு திரையில் எதிரியைக் குறிவைக்கும்போதே, இன்னொரு திரையில் யாருக்கு உயிர் குறைகிறது என்று பார்க்க வேண்டும். காலடியில் தீப்பிடித்தால் ஐவரையும் நகர்த்த வேண்டும். உண்மையிலேயே பெரிய திறமைதான் இது.

ஆனால், ஒரு விசையை அழுத்தினால் எல்லாப் பாத்திரங்களுக்கும் அதைக் கடத்தும் மென்பொருள்கள் வந்தன. தனியே ஆடுபவர்மீது ஒரு படையே ஒரே நொடியில் பாய்ந்தது. அது நியாயமில்லை. 'ஈவ் ஆன்லைன்' விளையாட்டு 2015 ஜனவரி 1 முதல் இந்த முறையைத் தடை செய்தது. பிளிஸார்ட் 2020 நவம்பரில் தடையை அறிவித்தது. பல கணக்குகளோடு ஆடுவதற்குத் தடையில்லை. ஒவ்வொரு பாத்திரத்தையும் தனித்தனியே இயக்க வேண்டும், அவ்வளவுதான்.