வீராணத்துக் கரையில் ஒரு பகலுணவு

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்களுக்கு வீராணம் ஏரி புதியதன்று. ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையேறி வருவது இதன் கரைமீதுதான். பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டது இவ்வேரி. அவனுடைய பட்டப்பெயராகிய வீரநாராயணன் என்பதே மருவி வீராணம் ஆயிற்று. கொள்ளிடத்தின் கீழணையில் தேங்கும் நீர் வடவாற்றின் வழியே இங்கு வந்து சேர்கிறது. நீளம் பல கிலோமீட்டர். பாசனம் பெறும் நிலம் ஏறத்தாழ 45,000 ஏக்கர். இவற்றையெல்லாம் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த ஏரி சோறிடும் அழகைக் காண விரும்புவோர், நண்பகலுக்குச் சற்று முன்னரே கரையோரத்துக் கீற்றுக் கொட்டகை ஒன்றில் போய் அமர வேண்டும்.

நாம் குடும்பத்தோடு சென்றிருந்த கொட்டகைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு விசுப்பலகைகள், ஒரு தண்ணீர்த் தவலை, பின்புறத்தில் சீமைக்கருவேல் விறகு எரியும் மண்ணடுப்பு. இவ்வளவே அதன் சொத்து. கணவர் விடியலில் வலைக்காரர்களிடம் மீன் வாங்கி வருகிறார், மனைவி சமைக்கிறார். என்ன இருக்கிறது என்று கேட்டோம்.

"இன்னைக்கு விரால் அகப்படலீங்க ஐயா. கெளுத்தியும் ஜிலேபியுந்தான் இருக்கு. சாப்பிடுறீங்களா?" என்றார் அந்த அம்மையார்.

சமையலைச் சற்று அருகிருந்தே கண்டோம். கெளுத்தியின் வழுவழுப்பு நீங்குவதற்குச் சாம்பலும் கல்லுப்பும் இட்டுக் கல்லில் தேய்த்து, நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவினார். மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் வடகம் பொரிந்தது. அந்த மணம் ஒன்றே போதும், பசியில்லாதவனையும் இலைக்கு முன் உட்கார வைக்க! பிறகு சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகாய்த்தூள், புளிக்கரைசல். குழம்பு கொதித்துச் சுண்டி எண்ணெய் மேலே மிதந்த பின்னரே மீன் துண்டுகள் உள்ளே சென்றன. அதன்பின் அவர் கரண்டியைத் தொடவேயில்லை. துணியால் சட்டியின் விளிம்பைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றி இறக்கிவிட்டார். கரண்டி பட்டால் மீன் உடையும் என்பது நம் இல்லத்தரசிகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வாழையிலையில் புழுங்கலரிசிச் சோறு, குழம்பு, பொரித்த ஜிலேபி, முருங்கைக்கீரை, ரசம், மோர். எம்முடன் வந்த சிறுமி முள்ளுக்கு அஞ்சி மீனைத் தொடாமல் இருந்தாள். அதைக் கண்ட அம்மையார் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவளருகே அமர்ந்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கும் கடையில் இதை யார் எதிர்பார்ப்பார்?

ஜிலேபி மீன் நம் நாட்டுக்கு வந்தேறியது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கலிலேயாக் கடலில் பிடிபடும் 'இராயப்பர் மீன்' இதற்கு உறவினம் என்பதை அறிந்தால் நம் வாசகர்கள் மகிழக்கூடும். எனினும் விரைந்து பெருகி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்வதில் இது கெட்டிக்காரன். விராலோ தன் குஞ்சுகளைக் கூடவே இருந்து காக்கும். நீர் குறைந்தால் காற்றைச் சுவாசித்துச் சேற்றிலும் பிழைத்திருக்கும். அத்தகைய மீனே முன்போல் கிடைப்பதில்லை என்று கணவர் வருந்தினார்.

நாம் உண்டுகொண்டிருக்கையில் காரில் வந்த நால்வர் விரால்தான் வேண்டும் என்றனர். இல்லையென்றதும் முகஞ்சுளித்துப் புறப்பட்டனர். நகரத்திலிருந்து பனிக்கட்டியில் வரும் மீனை வாங்கி வைத்தால் இத்தகையோரை இழக்க வேண்டாமே என்று கணவருக்கு எண்ணம். மகள் கல்லூரியில் படிக்கிறாள். கட்டணம் கட்டும் தவணை நெருங்குகிறது. மனைவி இசையவில்லை. "ஏரிக்கரைன்னு நம்பி வர்றவங்களுக்கு ஊர் மீனைப் போடறதா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார். மீன் வராத நாளில் முட்டைக் குழம்பு வைத்து, அதைச் சொல்லியே பரிமாறுவாராம். கணவரின் கவலை நியாயமானதே. ஆயினும் நம் மனம் அம்மையாரின் பக்கமே சாய்ந்தது.

ஏரி நிறைந்தால் நீர்மட்டம் 47.5 அடி. 2004 முதல் சென்னை மாநகரின் தாகத்தையும் இதுவே ஓரளவு தீர்த்து வருகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் அனுப்பும் திட்டம் அது. மழையும் மேட்டூர் நீரும் பொய்த்த ஆண்டுகளில் தரை தெரிய வறண்டதும் உண்டு. அம்மாதங்களில் கொட்டகைக்குப் பூட்டு. கணவர் கட்டட வேலைக்குப் போய்விடுகிறார்.

ஆகவே கோடையில் செல்வோர் ஏரியில் நீர் உண்டா என விசாரித்துச் செல்வது நலம். இரண்டு மணிக்கு மேல் போனால் சோறு கிடைப்பது அரிது. சட்டியின் அடியில் கொஞ்சம் குழம்பு தெரியும். அதைக் கேட்டுப் பயனில்லை. மறுநாட் காலைப் பழைய சோற்றுக்கென்று வீட்டாருக்காக எடுத்து வைத்தது அது.